நேரில் எண்ணிய ஆட்கள்

இதனால் சகலமானவர்களுக்கும், குறிப்பாக முதலீட்டாளர்களுக்கும், மிகுந்த பெருமிதத்துடன் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: மனிதகுல வரலாற்றில் முதன்முறையாக, ஒரு புளிக் கிடங்குக்குள் இந்த நிமிடத்தில் எத்தனை ஆட்கள் இருக்கிறார்கள் என்பது, இனி எவராலும் அழிக்கவோ திருத்தவோ முடியாதபடி, நாற்பது நாடுகளின் கணினிகளில் ஒரே நேரத்தில் பதிவாகும்.

இந்த அறிவிப்பு சத்தியச்சங்கிலி டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் வரவேற்பறையில் தேக்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே ஒரு மீன்தொட்டி. மீன் இல்லை. தண்ணீர் மட்டும் முக்கிய வேலை இருப்பதுபோல் குமிழி விட்டுக்கொண்டிருக்கும்.

கிடங்கு இருப்பது நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, தேனி ரோட்டிலிருந்து உள்ளே விலகி, கருவேலம் மண்டிய பொட்டலுக்கு நடுவே. ஊரார் கோல்டு ஸ்டோரேஜ் என்பார்கள். நான்கு குளிர் அறைகள். சேம்பர் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஆறு லோடுமேன்கள். காலையில் ஆறு பேர் உள்ளே போவார்கள், சாயங்காலம் ஆறு பேர் வெளியே வருவார்கள். இதைக் குறித்துவைக்க வாட்ச்மேன் ஜலால் பாயின் நாற்பது பக்க நோட்டும், மூடி கடிபட்ட பேனாவும் பதினோரு வருஷமாகப் போதுமானதாக இருந்தன. நாற்பது நாடுகளுக்கு இது தெரிந்தாக வேண்டிய அவசரம் எப்போது வந்தது என்று பேயாண்டிக்குத் தெரியவில்லை. அதைக் கேட்பது அவன் வேலையும் இல்லை. பதிவில் இருக்கும் டோக்கன் இருப்பு சரிதானா என்று சோதிப்பது அவன் வேலை.

நாற்பத்தாறு வயதில் சென்னைக் கம்பெனி ஒன்று அவனை வீட்டுக்கு அனுப்பியது. மதுரைக்குத் திரும்பியவனை, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த சிவக்குமார் சேர்த்துக்கொண்டான். சிவக்குமாரின் விசிட்டிங் கார்டில் அவன் பதவி மூன்று வரிக்குப் போகும். பேயாண்டிக்குக் கார்டு இல்லை. மகள் பவதாரிணிக்கு இன்னும் இரண்டு வருஷம் காலேஜ் இருந்தது. அதுதான் அவன் கார்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அழகர் மலையை விட்டு இறங்கி மதுரைக்கு வந்துகொண்டிருந்தார். ஊரே அவரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குத் தல்லாகுளம் பக்கம் போயிருந்ததால், ஆரப்பாளையத்திலிருந்து வந்த பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர், பேயாண்டி மூன்று பேர்தான். பதினொன்றே முக்காலுக்கு இறங்கி, தார் இளகிக் கிடந்த ரோட்டை விட்டுப் பொட்டலில் நடந்தபோது வெயில் தலையில் அடிக்கவில்லை, தலைக்குள் உட்கார்ந்திருந்தது. நிழல் காலுக்கடியில் போய் ஒளிந்துகொண்ட நேரம். ஒரு காக்காய் இல்லை. ஒரு மாடு இல்லை. கிடங்கின் கம்ப்ரெஸர் சத்தம் மட்டும், பல்வலிக்காரன் வாய்க்குள்ளேயே முனகுவதுபோலக் கேட்டது.

ஜலால் பாய் கேட்டருகே வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்காமலே சொன்னார்.

"தம்பி, மூணாம் நம்பர்ல லைட்டு எரியுது."

"அணைக்க வேண்டியதுதான பாய்."

"நா எங்கிட்டு அணைக்க. சுவிட்சக் கழட்டிப்புட்டுத்தான உங்க ஆளுக பெட்டி மாட்டிட்டுப் போனாங்க. ஆள் இருந்தா எரியும், ஆள் இல்லாட்டி அணையும்னு சொன்னீங்கள்ல."

"உள்ள யாரு இருக்கா?"

"வெள்ளிக்கிழமை பூட்டுன ரூமு. யாரு இருப்பா."

மூன்றாம் சேம்பரின் கனத்த கதவில் கைக்குட்டை அளவுக்கு ஒரு கண்ணாடி. அதற்குள் மஞ்சள் வெளிச்சம். அம்புட்டுத்தான். அந்த வெயிலில் யாரும் கவனிக்காத வெளிச்சம். ஆனால் பேயாண்டி கவனித்தான். அப்போதே அவனுக்கு அசதியாக இருந்தது.

ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு ஆளின் கழுத்திலும் ஓர் அட்டை. அதில் பொட்டளவு மைக். தலையில் மூட்டை இருக்கும்போது லோடுமேனால் கையால் எதையும் அமுக்க முடியாது என்பதால், வாயால் சொன்னால் போதும். உள்ளே போகும்போது "வாரேன்" என்றால் அந்தச் சேம்பரின் கணக்கில் ஒரு டோக்கன் ஏறும். வெளியே போகும்போது "போறேன்" என்றால் ஒன்று இறங்கும். கணக்கில் எத்தனை டோக்கன் இருப்போ, அத்தனை ஆட்கள் உள்ளே. இருப்பு பூஜ்யமானால் கதவு தானே பூட்டிக்கொள்ளும், விளக்கு அணையும், உள்ளே வைஃபையும் அணையும். மின்சாரம் மிச்சம் என்று அதற்குத் தனிப் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். உள்ளேயிருந்து திறக்கும் பழைய இரும்புக் கைப்பிடியை "மனிதத் தலையீடு" என்று பெயர் சொல்லி அறுத்து எடுத்தார்கள்.

இதை வடிவமைத்தது பெங்களூரில் யாரோ. அவர்களுக்குத் தமிழில் இரண்டு சொல் தெரிந்திருந்தது.

முதல் வாரம் முடிந்தபோது ஆறு பேர் வேலை பார்க்கும் கிடங்கில் நூற்று நாற்பத்து நான்கு பேர் இருப்பதாக நாற்பது நாடுகளும் ஒருமனதாகச் சொல்லின. காரணம் கண்டுபிடிக்கப் பேயாண்டிக்கு ஒரு டீ நேரம் ஆனது. மதுரைப் பக்கத்தில் எவன் வாயிலும் கிளம்பும்போது "போறேன்" வராது. சோத்துக்குக் கிளம்பினாலும் வாரேன்தான், வீட்டுக்குக் கிளம்பினாலும் வாரேன்தான். கம்பெனி கூட்டம் போட்டது. கிளம்பும்போது தயவுசெய்து போறேன் என்று சொல்லுங்கள் என்று சிவக்குமார் மைக்கில் கேட்டுக்கொண்டான். பின்வரிசையில் குத்தவைத்திருந்த சோணைமுத்து என்கிற லோடுமேன், வெத்திலைச் சாறை ஒதுக்கிக்கொண்டு கேட்டான்: "ஏண்ணே, சுடுகாட்டுக்கா போறோம்? வீட்டுக்குப் போயிட்டுத் திரும்ப வரத்தான போறோம்." எல்லாரும் சிரித்தார்கள். சிவக்குமாரும் சிரித்தான். அவன் சிரிப்பு மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது.

பேயாண்டி மூன்று வரி எழுதிச் சரிசெய்தான். ஓர் அட்டையின் முதல் வாரேன், வரவு. அதே அட்டையின் அடுத்த வாரேன், போக்கு. ஏழு நிமிட வேலை. சிவக்குமார் அதற்குப் "பண்பாட்டு நுண்ணறிவு அடுக்கு" என்று பெயர் வைத்து முதலீட்டாளர்களிடம் கூடுதலாக ஒரு தொகை வாங்கினான்.

ரம்ஜானுக்கு முந்தின சனிக்கிழமை, கடைசிப் புளிச் சிப்பத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சோணைமுத்து மூன்றாம் சேம்பரின் கடைசி வரிசைக்குப் போயிருந்தான். மற்றவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். மேஸ்திரி கதவுக்கு வெளியிலிருந்து, டீ வந்திருச்சு என்று குரல் கொடுத்தார். சோணைமுத்து உள்ளேயிருந்து பதில் சொன்னான்.

"வாரேன்ண்ணே."

இரண்டாவது வாரேன். இருப்பு பூஜ்யம். கதவு பூட்டியது. வெளியே பலகையில், உள்ளே ஆளில்லை என்று காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. பச்சையைப் பார்த்தவர்கள், பெருநாள் அவசரத்தில் பின்பக்கமாகக் கிளம்பியிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு லீவு. செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்தபோது, கடைசி வரிசையில் சிப்பங்களைச் சுற்றி அடுக்கி, ஒரு ஆள் குந்தும் அளவுக்கு வீடு மாதிரி கட்டி, அதற்குள் குந்தியிருந்தான். உள்ளே நாலு டிகிரி.

கம்பெனியின் நிலைப்பாடு தெளிவானது. சோணைமுத்து வெளியே போனதாகப் பதிவு இருக்கிறது. பதிவை மாற்ற முடியாது. ஆகவே அவன் வெளியே போனான். பிறகு திருட வந்திருக்க வேண்டும். "பதிவு தப்பு சொல்லாது மாப்ள," என்றான் சிவக்குமார். "ஆளுதான் தப்பா உள்ள இருந்திருக்கான்."

சோணைமுத்துவின் பொண்டாட்டி கனகலட்சுமி நஷ்டஈடு கேட்டு வந்து, தேக்குச் சட்டத்துக்குக் கீழே, மீனில்லாத தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். திருடன் பொண்டாட்டிக்கு நஷ்டஈடு கிடையாது. அந்த இரண்டு நாளும் பேயாண்டி பின்படி வழியாக வந்துபோனான். ஏனென்றால் ஒவ்வொரு வாரேனுக்கும் இரண்டு விநாடிச் சத்தம் கணினியில் பத்திரமாக இருக்கும். அதை அவன் ஒருமுறை போட்டுக் கேட்டிருந்தான். டீ வந்திருச்சு. வாரேன்ண்ணே. கேட்டுவிட்டு மூடிவைத்தான். யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு வாரம் ஆயிற்று.

இன்றைக்கு அவன் சோதிக்க வேண்டியது மூன்று எண்கள். ஒன்று, கணினி உடனடியாகக் காட்டும் இருப்பு. இரண்டு, முதல் நாளிலிருந்து இந்த நொடி வரை ஏறியது இறங்கியது அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கூட்டினால் வரும் இருப்பு. மூன்று, நேரில் எண்ணிய ஆட்கள். மூன்றும் ஒத்துப்போனால் துல்லியம் நூறு சதவீதம். எண்ணிக்கை மாறும் ஒவ்வொரு தடவையும் சோதனை தானாகத் தொடங்கும். பத்து நிமிஷத்துக்குள் யாரும் எண்ணிச் சொல்லாவிட்டால், எண்ண ஆளில்லை, ஆகவே ஆளில்லை என்று மூன்றாவது எண்ணைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். அந்த விதியையும் எழுதியவன் பேயாண்டிதான். ராத்திரியில் யார் போய் எண்ணுவது என்ற சோம்பல்.

வேப்பமர நிழலில் நின்று ஃபோனைத் திறந்தான். மூன்றாம் சேம்பர். இருப்பு: ஒன்று. கூட்டிப் பார்த்தான். ஒன்று.

கடைசி வரவு இன்று விடிகாலை நாலு பன்னிரண்டுக்கு. எந்த அட்டை என்று பார்த்தான். பார்த்துவிட்டு ஃபோனைக் கொஞ்சநேரம் வெயிலில் சாய்த்துப் பிடித்தான், கண்கூச்சத்தில் எண்ணைத் தப்பாகப் படித்திருக்கலாம் என்று.

"பாய், சோணைமுத்து அட்டை எங்க இருக்கு?"

"போலீசு திருப்பிக் குடுத்தது. அந்தா, ஆணியில தொங்குது."

பிளாஸ்டிக் கவருக்குள் தொங்கியது. எடுத்து அமுக்கினான். சார்ஜ் இல்லை. செத்த அட்டை.

நாலு பன்னிரண்டின் சத்தத்தைப் போட்டான். கம்ப்ரெஸர் முனகல். பிறகு, அவசரமில்லாமல், யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதுபோல:

"வாரேன்ண்ணே."

ஜலால் பாய் எழுந்துகொண்டார். அந்தக் குரலை அவருக்குத் தெரியும். வாய்க்குள் ஏதோ ஓதிவிட்டு, கேட்டார்: "இது அன்னைக்கு உள்ளதா?"

"ஆமா பாய். பழசு. இன்னைக்கு வந்து சேந்திருக்கு."

பொய் சொன்ன மாதிரியே அவனுக்குத் தோன்றவில்லை. கம்பிக்குள் மாட்டிக்கொண்ட செய்தி தாமதமாக வந்துசேர்வது இந்தத் தொழிலில் உண்டு. ஒரு மணிநேரம் தாமதமாக வரும். ஒரு நாள் தாமதமாகக்கூட வரும்.

சிவக்குமாருக்கு ஃபோன் போட்டான்.

"மாப்ள, மூணு மணிக்குத் துபாய்க்காரங்க லைன்ல இருப்பாங்க. துல்லியம் நூறுன்னு அறிக்கை வந்தா, இன்னும் பதினோரு கிடங்கு நம்ம கையில. என்ன, முடிஞ்சுதா?"

"மூணாம் நம்பர்ல ஒண்ணு காட்டுது சிவா."

"ஒண்ணு காட்டுனா ஒரு ஆளு இருக்கான்னு அர்த்தம்."

"யாரும் இல்ல."

"அப்ப நீ உள்ள போ. ஒரு ஆள் இருப்பான்ல."

"நான் போனா ரெண்டு காட்டும்."

"காட்டாது. நீ உள்ள போனா பழசு அடிபட்டுப் போயி நேராகும். போய்ப் பாரு. உம் பேருல இருக்கிற பேயி உனக்கே பயப்படப்போகுதா." சிரித்தான். "மாப்ள, ஒண்ணு மட்டும். தப்புன்னு எழுதுனீன்னா, ஏன் தப்புன்னும் எழுதணும். அந்த மூணு வரி யாரு எழுதுனதுன்னும் எழுதணும். பாத்துக்க."

வைத்துவிட்டான்.

சிவக்குமாரும் கேட்டிருக்கிறான், அன்றைய அந்தச் சத்தத்தை. பேயாண்டிக்கு இது இப்போதுதான் தெரிந்தது. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபப்படுவதற்கு ஒரு நிமிர்வு வேண்டும். அவனுக்கு உட்கார இடம் கிடைத்தால் போதும்போல இருந்தது. தப்பு என்று எழுதினால் சோணைமுத்து திருடனில்லை, கனகலட்சுமிக்குப் பணம் கிடைக்கும், பதினோரு கிடங்குக் கதவுகள் தப்பிக்கும். பேயாண்டிக்கு வேலை போகும், ஒருவேளை ஸ்டேஷனுக்கும் போகவேண்டி வரும். சரி என்று எழுதினால் மூணு மணி பஸ்.

"அந்த ரூமுக்கு ஒத்தையா யாரும் போறதில்ல தம்பி," என்றார் ஜலால் பாய், பழைய கம்பளிச் சட்டை ஒன்றை நீட்டி. "லோடுமேனுக இப்ப ரெண்டு ரெண்டு பேராத்தான் போறாங்க. ஒத்தையா போனா, சிப்பத்தத் தலைக்கு ஏத்திவிடப் பின்னாடி இருந்து ஒரு கை வருதாம்."

"ஒத்தாசை பண்ணுற பேயா."

"உசுரோட இருந்தப்பவும் அவன் அப்பிடித்தான்."

பேயாண்டி சட்டையை மாட்டிக்கொண்டான். ஆவின் பால் வாசனையும் பீடி வாசனையும் அடித்தது.

"பன்னெண்டரைக்கு நா லுஹர் தொழுதுட்டு, அப்பிடியே வீட்டுக்குக் கிளம்பிருவேன்," என்றார் பாய். "புதன்கிழமைதான் இனிமே தொறப்பு. நீங்க வேலைய முடிச்சிட்டு அப்பிடியே பஸ்ஸப் புடிங்க. பலகையில பச்சை எரிஞ்சாப் போதும், கேட்டப் பூட்டிட்டுப் போயிருவேன்."

"சரி பாய். ஒண்ணு. நான் உள்ள இருக்கையில என்னையக் கூப்பிட்டுறாதீங்க."

"ஏன் தம்பி?"

"கூப்பிட்டா பதில் சொல்லிருவேன்."

பாய் தலையை ஆட்டிவிட்டு, சேரை நிழலுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கதவைத் தள்ளினான். இருப்பு பூஜ்யமாக இல்லாததால் பூட்டு விழவில்லை, கனத்த கதவு மூச்சு விட்டுக்கொண்டு திறந்தது. தன் அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று, தெளிவாகச் சொன்னான்: "வாரேன்." இதுதான் வரவு. இனி வெளியே வந்தபிறகுதான் அந்தச் சொல். நடுவில் எவன் கூப்பிட்டாலும் ம் என்று சொன்னால் போதும். ம். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு, நம்பிக்கையில்லாதவனாக, வலதுகால் செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் வைத்தான்.

குளிர் முதலில் பல்லில் ஏறியது, பிறகு காதுமடலில், பிறகு செருப்பில்லாத காலின் அடியில். மேலே தகரக்கூரை வரைக்கும் சாக்குச் சிப்பங்கள் வரிசை வரிசையாக, நடுவில் ஒரு ஆள் தலைச்சுமையோடு போகும் அளவுக்குச் சந்து. புளியின் இனிப்பும் புளிப்பும் கலந்த வாசனையோடு, கண்ணை அரிக்கும் அமோனியா நெடி எங்கோ ஒரு குழாயின் இணைப்பிலிருந்து மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. குழல்விளக்குகள் ஒன்றுவிட்டு ஒன்று எரிந்ததால், நடக்க நடக்க அவன் நிழல் முன்னே நீண்டு, காலடியில் சுருங்கி, பின்னே நீண்டு, மறுபடி முன்னே வந்தது. சில இடங்களில் வந்துசேர அதற்குக் கொஞ்சம் தாமதமானது. கம்ப்ரெஸர் சத்தம் இங்கே காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது.

ஃபோனைப் பார்த்தான்.

இருப்பு: இரண்டு. கூட்டியது: இரண்டு. நேரில் எண்ணிய ஆட்கள்: காலியாக ஒரு கட்டம், பக்கத்தில் பத்து நிமிஷக் கடிகாரம் ஓடியது.

நேராகவில்லை. ஆனால் பிழை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். எங்காவது வேறோர் அட்டை விழுந்து கிடக்கும். ஈரத்தில் மைக் தானாக உளறும். அதைத் தேடி எடுத்தால் போதும். சந்துகளைப் பார்த்துக்கொண்டே நடந்தான். ஒன்று. இரண்டு. மூன்று. தரையில் சணல் பிசிறு. ஒரு பீடித்துண்டு. சுண்ணாம்பு டப்பா, மூடி திறந்து. சுண்ணாம்பு காயவில்லை.

கடைசி வரிசை.

போலீஸ் படத்தில் அதைப் பார்த்திருக்கிறான். மூன்று பக்கமும் சிப்பம் அடுக்கி, ஒரு ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தும் அளவு. அதற்கப்புறம் யாரும் அதைத் தொடவில்லை; தொட யாருக்கும் மனசில்லை. இன்றும் அப்படியே இருந்தது. அதே நேர்த்தி. மூலை மூலைக்குப் பொருந்தி, காத்து நுழையாதபடி. பழகிய லோடுமேனின் அடுக்கு.

இடம் மட்டும் பெரிதாகியிருந்தது.

இரண்டு பேர் குந்தும் அளவு.

பேயாண்டி திரும்பினான். ஓடவில்லை. ஓடினால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நடந்தான். நடுச்சந்து வந்ததும், தூரத்தில் கதவிடுக்கில் ஒரு கோடு வெயில் தெரிந்தது. அந்தக் கோடு இருக்கும்வரை பயமில்லை. ஃபோனில் மூன்று நிமிஷம் மிச்சம்.

நின்றான். கட்டத்தில் ஒன்று என்று போட்டால் பொருந்தாது. தப்பு. பிறகு விளக்கம், மூன்று வரி, ஸ்டேஷன், பவதாரிணி. பூஜ்யம் என்று விட்டாலும் பொருந்தாது. இந்த அறையில் ஒரு எண்தான் பொருந்தும். அவனுக்கு நினைக்கவே அலுப்பாக இருந்தது. சோணைமுத்துவின் முகத்தைக்கூட நினைக்கவில்லை. வெத்திலைச் சாறை ஒதுக்கிய அந்தக் கன்னம் மட்டும் வந்து போனது. விறைத்த விரலால் ஒரு எண்ணை அமுக்கினான்.

நேரில் எண்ணிய ஆட்கள்: இரண்டு.

மூன்றும் ஒத்துப்போகின்றன, நன்றி என்றது ஃபோன். பச்சையாக ஒரு குறி.

அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டாயிற்று. இந்த அறையில் இரண்டு பேர் இருக்கிறோம் என்று, எவராலும் அழிக்கவோ திருத்தவோ முடியாதபடி, அவனே சாட்சி சொல்லியாயிற்று. இனி நடந்து வெளியே போய், வெயிலில் நின்று அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடித்தால்.

"அண்ணே. டீ வந்திருச்சு."

கதவுப் பக்கமிருந்து. சாதாரணமான குரல். வேலை முடிந்த நேரத்தில் எந்தக் கிடங்கிலும் கேட்கிற குரல். பாய் கூப்பிடுகிறார், சூடாக ஏதோ இருக்கிறது, வெளியே வெளிச்சம் இருக்கிறது என்ற நிம்மதியில் அவன் உடம்பு தளர்ந்தது. நாற்பத்தாறு வருஷத்து நாக்கு அவனைக் கேட்கவில்லை.

"வாரேன்."

சொல்லி முடித்தபிறகுதான் காதில் விழுந்தது.

அட்டை ஒருமுறை சிணுங்கியது. இருப்பு: ஒன்று.

ஒன்று. பூஜ்யம் இல்லை. விளக்கு எரிகிறது. கதவு பூட்டாது. மூச்சு வந்தது. இன்னொருத்தன் உள்ளே இருப்பதாகப் பதிவு இருக்கும்வரை கதவு பூட்டாது. நடந்தால் போதும். நாற்பதடி. நட.

ஜலால் பாய் அவனைத் தம்பி என்பார்.

அண்ணே என்று கூப்பிடமாட்டார்.

நட.

கதவிடுக்கில் அந்த வெயில் கோடு இல்லை. எப்போது போனது. செருப்பு வைத்திருந்தானே. குனிந்து பார்த்தான். செருப்பு அவன் வெறுங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. போட்டுக்கொள்ள வாகாக, திருப்பி வைத்திருந்தது.

முனகல் நின்றிருந்தது. புளி வாசனைக்கு நடுவே வெத்திலை வாசனை. பின்னால். மிகப் பக்கத்தில். கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லும் மரியாதையோடு.

"வாரேன்ண்ணே."

இருப்பு: பூஜ்யம்.

விளக்கு அணைந்தது. பூட்டு விழுந்தது. வைஃபை போனது. அட்டை செத்தது. கத்தினான். நாலங்குலத் தெர்மோகோலுக்கும் தகரத்துக்கும் அப்பால், ஜலால் பாய் பலகையில் பச்சையைப் பார்த்து, மூணாம் நம்பர் லைட்டு அணைந்ததைப் பார்த்து, தம்பி வேலையை முடித்துவிட்டான் என்று நினைத்து, கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். வழக்கம்போலக் கிடங்கைப் பார்த்துச் சொல்லியும் இருப்பார்: வாரேன் தம்பி.

இருட்டில் சிப்பம் நகரும் சத்தம். இழுத்து, பொருத்தி, தட்டி. இடம் சரிசெய்யும் சத்தம். பிறகு பின்னாலிருந்து ஒரு கை, மூட்டை ஏற்றிவிடுகிறவனின் பழகிய கை, அவன் முழங்கைக்குக் கீழே வந்து, பதமாகத் தாங்கி, கடைசி வரிசைப் பக்கம் திருப்பியது.

பத்து நிமிஷம் ஆயிற்று. யாரும் எண்ணிச் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு அறிக்கை துபாய்க்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் சேம்பர். இருப்பு: பூஜ்யம். கூட்டியது: பூஜ்யம். நேரில் எண்ணிய ஆட்கள்: பூஜ்யம்.

துல்லியம் நூறு சதவீதம்.